அணுமின் நிலையத்துப் பழைய ஆயில்: லேசான கதிரியக்கம் இருந்தால் எங்கே போடுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணுமின் நிலையத்திலும் மோட்டாருக்கு ஆயில் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றி எடுத்த பழைய எண்ணெயில் துளியூண்டு கதிரியக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை என்ன செய்வது? கேட்க அற்பமாகத் தோன்றும் இந்தக் கேள்வி அமெரிக்காவில் 1984 முதல் 1992 வரை எட்டு ஆண்டுகள் இழுத்தடித்து, கடைசியில் ஒரு தனி விதியாக முடிந்தது. அந்த விதியையும் அதைச் சுற்றியுள்ள நடைமுறையையும் மையமாக வைத்தே இங்கே பதில்கள் சொல்லப்படுகின்றன. நம்மூரைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் உண்டு.

அணுமின் நிலையத்தில் அவ்வளவு எண்ணெய் எதற்கு?

அணு உலையை எடுத்துவிட்டுப் பார்த்தால் அது நீராவியில் ஓடும் சாதாரண மின் நிலையம்தான். டர்பைன் தாங்கிகளுக்கு மட்டுமே பல்லாயிரம் லிட்டர் மசகு எண்ணெய் சுற்றிக்கொண்டே இருக்கும். அது போக நூற்றுக்கணக்கான பம்புகள், அமுக்கிகள், அவசர டீசல் ஜெனரேட்டர்கள், ஹைட்ராலிக் கருவிகள், டிரான்ஸ்பார்மர்கள். இவற்றில் பெரும்பகுதி எண்ணெய், கதிரியக்கத்தின் பக்கமே போகாதது. லாரி ஷெட்டில் வடிக்கும் எண்ணெய்க்கும் அதற்கும் வேறுபாடு கிடையாது.

சிக்கல் வருவது உலைக் கட்டடத்துக்குள் இருக்கும் இயந்திரங்களில். முக்கியமாக, உலையின் குளிர்நீரைச் சுழற்றும் பெரிய பம்புகள். ஒவ்வொன்றின் மோட்டாரிலும் சில நூறு லிட்டர் எண்ணெய் இருக்கும். அது கசிந்து பக்கத்தில் 300 டிகிரி வாக்கில் கொதிக்கும் குழாய் மேல் பட்டால் தீப்பிடிக்கும். அலபாமாவின் பிரௌன்ஸ் ஃபெர்ரி நிலையத்தில் 1975 மார்ச் 22 அன்று, காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க மெழுகுவர்த்தியை நீட்டிப் பார்த்ததில் கேபிள்கள் பற்றி எரிந்தன. அதற்குப் பிறகு தீத்தடுப்பு விதிகள் இறுகின. அவற்றில் ஒன்று, இந்தப் பம்புகளில் கசியும் எண்ணெயைப் பிடித்துத் தனித் தொட்டிக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது. தீ ஆபத்து குறைந்தது. ஆனால் உலைக் கட்டடத்துக்குள்ளேயே சொட்டுச் சொட்டாகச் சேரும் ஒரு கழிவு எண்ணெய்த் தொட்டியும் நிரந்தரமாக வந்து சேர்ந்தது.

எண்ணெயே கதிரியக்கப் பொருளாக மாறிவிடுகிறதா?

இல்லை. நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். எண்ணெயின் மூலக்கூறுகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதற்குள் அழுக்கு விழுகிறது, அந்த அழுக்குதான் கதிரியக்கம் உள்ளது. பஜ்ஜி சுட்ட எண்ணெயை ஆறவிட்டால் அடியில் கசடு தங்குமே, அதைப் போல.

அந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது என்றால், உலைக் குழாய்களும் வால்வுகளும் மெல்ல மெல்லத் தேய்ந்து அரிக்கின்றன. கடினமான வால்வு முகங்களில் கோபால்ட் கலந்த உலோகம் இருக்கும். அந்தத் துகள் குளிர்நீரோடு போய் உலை மையத்தில் நியூட்ரானை விழுங்கி, கோபால்ட்-60 ஆகத் திரும்பி வருகிறது. இரும்பிலிருந்து மாங்கனீஸ்-54, நிக்கலிலிருந்து கோபால்ட்-58. எரிபொருள் உறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் சீஸியம்-137 கூட வரும். குளிர்நீர் எண்ணெயில் கலந்தால் டிரிட்டியமும் (கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன்) சேரும். கொதிநீர் உலைகளில் உலையில் கொதித்த அதே நீராவி டர்பைனுக்கும் போவதால், டர்பைன் பக்கத்து எண்ணெயையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இயந்திரத்துக்குள் மாசு படாமல், வடிக்கும்போது மாசு படுவதும் உண்டு. மாசுள்ள பகுதியில் பயன்படுத்திய புனல், துடைத்த துணி, திறந்து கிடந்த டிரம். இப்படிக் கெட்டுப்போகும் எண்ணெய்தான் எரிச்சலூட்டுவது. புனலுக்கு ஒரு தனி மூடி போட்டிருந்தால் வந்தே இருக்காது.

“லேசான” என்றால் எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண் உதாரணத்துக்குத்தான். 200 லிட்டர் டிரம், உள்ளே சுமார் 174 கிலோ எண்ணெய். கிராமுக்கு 0.5 பெக்கரல் கோபால்ட்-60 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்). மொத்தம் 87,000 பெக்கரல்.

கேட்கப் பெரிய எண். ஆனால் வளர்ந்த ஒருவரின் உடம்பில் இயற்கையாக இருக்கும் பொட்டாசியம்-40 மட்டுமே சுமார் 4,000 பெக்கரல். ஆக, டிரம்முக்குள் இருப்பது ஒரு சிற்றுந்தில் உட்கார்ந்து போகும் இருபது பேரின் உடம்பில் இருப்பதைக் காட்டிலும் கொஞ்சம் அதிகம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கும் மோனசைட்டை எடுத்துக்கொண்டால், ஒரு கிராமில் தோரியம் மட்டுமே 300 பெக்கரலுக்கு மேல். நம் எண்ணெயைப் போல 600 மடங்கு.

பெக்கரலை மட்டும் எண்ணி ஒப்பிடுவது முழு நியாயமாகாது. கோபால்ட்-60 வலுவான காமா கதிர் வீசும். அது தூசியாகி நுரையீரலுக்குள் போவதும், உடம்பில் பொட்டாசியம் இருப்பதும் ஒன்றல்ல. ஆனாலும் எந்த அளவுக்கான பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்பது இதிலிருந்து தெரியும்.

அவ்வளவு குறைவென்றால் பழைய ஆயில் வாங்குபவரிடம் போட்டுவிடலாமே?

அமெரிக்காவில் முடியாது. எட்டு வருட இழுபறிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பல நாடுகளில் “இதற்குக் கீழே போனால் கதிரியக்கப் பொருளாகக் கணக்கில் கொள்ள வேண்டாம்” என்று ஓர் அடித்தளக் கோடு உண்டு. பன்னாட்டு அணுசக்தி முகமை 2004இல் வெளியிட்ட வழிகாட்டியில் பெருமளவு திடப்பொருள்களுக்குக் கோபால்ட்-60, சீஸியம்-137 இரண்டுக்கும் கிராமுக்கு 0.1 பெக்கரல் என்று போட்டிருக்கிறார்கள். யாருக்கும் ஆண்டுக்கு 10 மைக்ரோசீவர்ட் அளவுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் அடிப்படை (சீவர்ட் என்பது உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு).

அமெரிக்காவின் அணு ஒழுங்குமுறை ஆணையமும் (இனி, ஆணையம்) இப்படி ஒரு கோடு போடப் பார்த்தது. “ஒழுங்குமுறைக் கவலைக்குக் கீழே” என்ற பெயரில் 1986இலும் 1990இலும் கொள்கை அறிக்கைகள் வந்தன. மக்கள் கொதித்தார்கள். ‘கதிரியக்கக் குப்பையை எங்கள் ஊர்க் குப்பைமேட்டில் கொட்டப் போகிறார்கள்’ என்பதே பேச்சாக இருந்தது. 1992 அக்டோபரில் கையெழுத்தான எரிசக்திக் கொள்கைச் சட்டம் அந்தக் கொள்கையைச் செல்லாததாக்கியது.

விளைவு: நிலையத்து எண்ணெயில் தேடிப் பார்த்து அகப்பட்டால் அது கதிரியக்கக் கழிவு. எவ்வளவு நுட்பமாகத் தேடுவது? சுற்றுச்சூழல் நீர் மாதிரிகளுக்கு வைத்திருக்கும் நுட்பத்தோடு. கோபால்ட்-60க்கு அது லிட்டருக்கு 15 பிக்கோகியூரி, அதாவது அரை பெக்கரலுக்குச் சற்று மேல். மேலே சொன்ன பன்னாட்டு அளவை லிட்டர் கணக்குக்கு மாற்றினால் 87 பெக்கரல். நூற்றைம்பது மடங்கு வித்தியாசம்! ஒரு நாட்டில் கவலைப்பட வேண்டாத எண்ணெய், இன்னொரு நாட்டில் பூட்டுப் போட்டு வைக்க வேண்டிய சரக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஆணையம் 1981இலேயே மருத்துவ ஆய்வகங்களுக்கு ஒரு சலுகை கொடுத்திருந்தது. டிரிட்டியமோ கார்பன்-14ஓ கிராமுக்கு 0.05 மைக்ரோகியூரி வரை (1,850 பெக்கரல்) உள்ள ஆய்வகத் திரவத்தைக் கதிரியக்கமே இல்லாதது போல அப்புறப்படுத்தலாம். அந்த இரண்டும் மிக மெல்லிய பீட்டா கதிர் மட்டுமே வீசுபவை, கோபால்ட்டோடு ஒப்பிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் ஆஸ்பத்திரி என்றால் ஒரு மனசு, அணு உலை என்றால் ஒரு மனசு என்பதும் இதில் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மீட்டரை டிரம் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

தெரியாது. மேலே சொன்ன கிராமுக்கு 0.5 பெக்கரல் டிரம் அருகே கைமீட்டரை நீட்டினால், முள் இயற்கைப் பின்னணியை விட லேசாக ஆடுவது போலத் தெரியலாம். அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் ஆடவே ஆடாது. அதனால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மாதிரி எடுப்பதில்தான் வித்தை இருக்கிறது.

டிரம் ஒரு மாதம் அசையாமல் நின்றிருந்தால் தண்ணீரும் கசடும் அடியில் இறங்கியிருக்கும். மேலாக ஒரு கரண்டி மொண்டு அளந்தால் “சுத்தம்” என்று வரும். அடியில் மொண்டால் பத்து மடங்கு வரும். இரண்டுமே பொய். நீண்ட குழாயை மேலிருந்து அடிவரை செங்குத்தாக இறக்கி, அடியை மூடி, முழு ஆழத்துக்கும் ஒரு ‘தூண்’ எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நன்றாகக் கலக்கிவிட்டு எடுக்க வேண்டும். பிறகு ஜெர்மேனியம் உணரி மேல் வைத்து, குறைந்த அளவைத் தேடுவதானால் மணிக்கணக்கில் எண்ண வேண்டும். அது காமா கதிர் வீசுபவற்றுக்கு மட்டும். டிரிட்டியத்துக்கு வேறு கருவி, வேறு தயாரிப்பு. அதன் பீட்டா டிரம் சுவரைக்கூடத் தாண்டாது.

சாக்கடையில் விடலாமா?

கூடாது. தண்ணீரில் எளிதாகக் கரையும் பொருளைத்தான் கழிவுநீர்க் குழாயில் விட விதி இடம் தருகிறது. எண்ணெய் கரையாது. கதிரியக்கம் இல்லாத எண்ணெயையே சாக்கடையில் விடக் கூடாது என்பது வேறு விஷயம்.

கதிரியக்கக் கழிவுக் கிடங்கில் புதைத்துவிட்டால்?

புதைக்கலாம், ஆனால் எண்ணெயாகப் புதைக்க முடியாது. புதைக்கும் கழிவில் திரவம் நின்றுகொண்டிருக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. கன அளவில் ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்தாலே திருப்பி அனுப்புவார்கள். ஒன்று கெட்டியாக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளிருக்கும் திரவத்தைப் போல இரண்டு மடங்கை உறிஞ்சக்கூடிய பொருளோடு சேர்த்து அடைக்க வேண்டும்.

சிமென்ட்டில் கலக்கலாமே என்று தோன்றும். சிமென்ட்டுக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. கொஞ்சம் அதிகமானாலும் இறுகாது, இறுகினாலும் எண்ணெய் வியர்த்து வெளியே வரும். பால்மமாக்கும் ரசாயனம் சேர்த்தால் ஓரளவு ஏற்கும். களிமண் வகைகளில் ஊறவைத்தால் அழுத்தம் பட்டதும் திரும்பக் கக்கும். எண்ணெயை உள்வாங்கி ரப்பர் மாதிரி ஆகிவிடும் பாலிமர் தூள்கள் பிற்பாடு வந்தன. அவை எவ்வளவோ மேல். எப்படிச் செய்தாலும் ஒரு டிரம் எண்ணெய் பல டிரம் கழிவாகப் பெருகும்.

கிடங்குகளும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்தக் காலத்தில் தென் கரோலினாவின் பார்ன்வெல், வாஷிங்டன் மாநிலத்தின் ரிச்லாண்ட், நெவாடாவின் பியட்டி என மூன்று. பியட்டி 1992 முடிவில் மூடியது. பார்ன்வெல் 2008 ஜூலை முதல் மூன்று மாநிலங்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. இவ்வளவு அரிதான குழியில் பம்ப் எண்ணெயைப் போட்டு நிரப்புவது, நெல் குதிருக்குள் உமியைக் கொட்டி வைப்பது மாதிரி.

1992 விதி என்னதான் சொல்கிறது?

மின் நிறுவனங்களின் கூட்டமைப்பான எடிசன் எலெக்ட்ரிக் இன்ஸ்டிட்யூட்டும், மின் நிறுவனங்களின் அணுக் கழிவு மேலாண்மைக் குழு ஒன்றும் சேர்ந்து 1984 ஜூலையில் ஆணையத்துக்கு மனு கொடுத்தன. அதுவரை எண்ணெயை எரிக்க விரும்பும் ஒவ்வொரு நிலையமும் தனித்தனியாக விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. ‘எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி போடுங்கள்’ என்பதே கோரிக்கை. 1992 டிசம்பர் 7 அன்று இறுதி விதி வெளியானது. சுருக்கம் இது:

மசகுக்கும் குளிர்விக்கவும் ஹைட்ராலிக் வேலைக்கும் மின்காப்புக்கும் உலோக வேலைக்கும் பயன்பட்ட பெட்ரோலிய அல்லது செயற்கை எண்ணெய், அணுமின் உலையின் இயக்கத்திலோ பராமரிப்பிலோ மாசுபட்டிருந்தால், அது உண்டான வளாகத்துக்குள்ளேயே எரிக்கலாம். அதற்காக உரிமத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் எரிப்பதால் வெளியேறுவதையும் சேர்த்து, நிலையத்தின் மொத்தக் கதிரியக்க வெளியீடு ஏற்கெனவே உள்ள வரம்புக்குள் இருக்க வேண்டும். மிஞ்சும் சாம்பலும் கரியும் கதிரியக்கக் கழிவாகவே போக வேண்டும்.

இந்த விதியின் சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கும். “எண்ணெயில் எவ்வளவு இருந்தால் பரவாயில்லை?” என்ற கேள்வியையே அது தொடவில்லை. தொட்டிருந்தால் அதே ஆண்டில் நாடாளுமன்றத்திலேயே தோற்ற கொள்கையின் கதிதான் நேர்ந்திருக்கும். அதற்குப் பதிலாக, நிலையத்துக்கு ஏற்கெனவே ஒரு புகைபோக்கிக் கணக்கு இருக்கிறது, இதையும் அதிலேயே எழுது என்று சொல்லிவிட்டது. வீட்டுச் செலவில் தனியாக ஒரு தலைப்பு போடாமல் மாதச் சம்பளத்துக்குள்ளேயே சமாளிக்கச் சொல்வது போல.

அந்த ஏற்கெனவே உள்ள வரம்பு எவ்வளவு?

காற்றில் போகும் கதிரியக்க அயோடினும் துகள்களும் வெளியாள் ஒருவரின் எந்த உறுப்புக்கும் ஓர் உலைக்கு ஆண்டுக்கு 15 மில்லிரெம் (0.15 மில்லிசீவர்ட்) அளவுக்கு மேல் தரக் கூடாது என்பது 1975 முதல் உள்ள வடிவமைப்பு இலக்கு. பொதுமக்களுக்கான மொத்த வரம்பு 100 மில்லிரெம், அதாவது 1 மில்லிசீவர்ட்.

எந்த அடுப்பில் எரிப்பார்கள்?

தனி எரியுலை கட்டியாக வேண்டும் என்பதில்லை. உலை நின்றிருக்கும்போது நீராவி தரவும் குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடாக்கவும் பல நிலையங்களில் துணை பாய்லர் உண்டு. அது எண்ணெயில் எரிவது. அதன் எரிபொருளோடு மாசு எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து எரித்துவிடலாம்.

துணை பாய்லர்களில் பொதுவாகக் கதிரியக்கத் தூசியைப் பிடிக்கும் நுண் வடிகட்டிகள் இருக்காது. அதனால் கணக்குப் போடும்போது டிரம்மில் இருந்தது முழுவதும் வானத்துக்குப் போய்விட்டதாகவே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பான வழி. நிஜத்தில் ஒரு பகுதி உள்ளே கரியாகப் படியும். அதைச் சுரண்டும் ஆளுக்கு முகக்கவசம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

எரித்தால் கதிரியக்கம் அழிந்துவிடுமா?

அழியாது. நெருப்புக்கு அணுக்கருவைத் தொடும் சக்தி கிடையாது. எண்ணெய்தான் எரிந்து போகிறது. கோபால்ட், மாங்கனீஸ் போன்றவை சாம்பலாகவோ நுண்தூசியாகவோ மிஞ்சும். சீஸியம் அதிகச் சூட்டில் ஓரளவு ஆவியாகி, புகை குளிரும்போது தூசியில் ஒட்டும். டிரிட்டியம் நீராவியாகவும் கார்பன்-14 கரியமில வாயுவாகவும் முழுக்கவே வெளியே போய்விடும். எந்த வடிகட்டியும் அவற்றைப் பிடிக்காது.

அப்படியானால் வேலிக்கு வெளியே குடியிருப்பவருக்கு எவ்வளவு போய்ச் சேரும்?

நம் டிரம்மையே எரிப்போம். 87,000 பெக்கரலும் புகைபோக்கி வழியே போகட்டும். நிலையத்திலிருந்து நொடிக்கு ஒரு பெக்கரல் வெளியேறினால் வேலியோரத்துக் காற்றில் கன மீட்டருக்கு ஒரு பெக்கரலில் லட்சத்தில் ஒரு பங்கு இருக்கும் என்று எடுத்துக்கொள்வோம். இது தாராளமான அனுமானம். ஒருவர் முழு நேரமும் அங்கேயே நின்று நாளைக்கு 22 கன மீட்டர் காற்றை இழுத்தால், அவருக்குள் போவது ஒரு பெக்கரலில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் வரும் கதிர்வீச்சு, ஆண்டு வரம்பான ஒரு மில்லிசீவர்ட்டில் பத்துக் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

மூச்சு மட்டும் போதாது. மண்ணில் படிந்து அங்கிருந்து வீசுவது, கீரையில் ஒட்டுவது, மாடு மேய்ந்து பாலில் வருவது எல்லாம் கூட்ட வேண்டும். கோபால்ட்டுக்கு மண்வழிப் பங்கு மூச்சைப் போலப் பல மடங்கு. அதையும் கூட்டினாலும் வரம்பில் லட்சத்தில் ஒரு பங்கைத் தொடாது.

நல்ல எண்ணெயோடு கலந்து எரிப்பது கண்துடைப்பு இல்லையா?

நல்ல கேள்வி. பாலில் தண்ணீர் கலப்பது போலக் கலந்து, “பாருங்கள், லிட்டருக்கு எவ்வளவு குறைவு” என்று காட்டி வெளியே விற்றால் அது ஏமாற்றுதான். இங்கே வரம்பு அடர்த்திக்கு இல்லை, மொத்தத்துக்கு. ஒரு டிரம்மைப் பத்து டிரம் டீசலில் கலந்தாலும் நூறு டிரம்மில் கலந்தாலும் ஏட்டில் ஏறுவது அதே 87,000 பெக்கரல். கலப்பது பாய்லர் சீராக எரிவதற்காக.

எல்லா மாசு எண்ணெயையும் எரிக்க முடியுமா?

முடியாது. எரிக்க முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் கதிரியக்கமாக இருக்காது.

யாரோ ஒருவர் பாகங்களைக் கழுவிய குளோரின் கரைப்பானைக் கைக்கு அருகில் இருந்த எண்ணெய் டிரம்மில் ஊற்றிவிடுகிறார். முடிந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் விதிப்படி பழைய எண்ணெயில் குளோரின் வகைத் தனிமங்கள் பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு மேல் இருந்தால், அதில் அபாயக் கழிவு கலந்திருப்பதாகவே கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது நிலையத்தின் பாடு. நிரூபிக்க முடியாவிட்டால் அது ‘கலப்புக் கழிவு’: ஒரு பக்கம் கதிரியக்கச் சட்டம், இன்னொரு பக்கம் அபாயக் கழிவுச் சட்டம். இரண்டுக்கும் உரிமம் உள்ள இடம் அபூர்வம். பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் பி.சி.பி. என்ற நச்சு ரசாயனம் இருந்தால் மூன்றாவதாக ஒரு சட்டம். டர்பைன் கட்டுப்பாட்டு ஹைட்ராலிக்கில் எளிதில் தீப்பிடிக்காத பாஸ்பேட் திரவம் இருக்கும். பெயரிலேயே பதில் இருக்கிறது, அதை எரிபொருளாகப் பார்க்க முடியாது.

அமெரிக்கர்களுக்குக் கழிவு எண்ணெய் என்றாலே ஒரு பயம் உண்டு, அதற்கும் காரணம் இருக்கிறது. மிசௌரியின் டைம்ஸ் பீச் ஊரில் புழுதி அடங்கத் தெருவில் தெளித்த கழிவு எண்ணெயில் டயாக்சின் என்ற கொடிய நச்சு இருந்தது. 1983இல் அரசு அந்த ஊரையே விலைக்கு வாங்கிக் காலி செய்தது. கதிரியக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ‘கழிவு எண்ணெயில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்’ என்ற சந்தேகம் அங்கே வேரூன்றிவிட்டது.

எரிக்காமல் சுத்தம் செய்து மறுபடி ஊற்ற முடியாதா?

முடியும், முதலில் முயல வேண்டியதும் அதுதான். கதிரியக்கம் பெரும்பாலும் தண்ணீரிலும் துகளிலும் இருப்பதால், எண்ணெயைச் சூடாக்கித் தெளியவிட்டு, சுழற்றிப் பிரித்து, நுண் வடிகட்டியில் விட்டால் பெரும்பகுதி கசட்டோடு போய்விடும். அதே மாசுப் பகுதிக்குள் இருக்கும் இயந்திரத்துக்கே திரும்ப ஊற்றினால் “முழுக்கச் சுத்தமா?” என்ற கேள்வியே எழாது. வெளியே விற்க நினைத்தால்தான் அந்தக் கடைசித் துளி இழுக்கும். எண்ணெயிலேயே கரைந்த வடிவில் இருப்பதை வடிகட்டி பிடிக்காது.

சும்மா வைத்திருந்தால் தானாகக் குறைந்துவிடாதா?

கோபால்ட்-58 மட்டும் என்றால் சரி. அரை ஆயுள் 71 நாள், இரண்டு ஆண்டில் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். கோபால்ட்-60க்கு 5.27 ஆண்டு, பத்தில் ஒன்றாகவே பதினேழரை ஆண்டு. சீஸியம்-137 அப்படிப் பத்தில் ஒன்றாக நூறு ஆண்டு. அதற்குள் டிரம் துருப்பிடிக்கும், கசியும். உலைப் பக்கத்தில் எண்ணெய் டிரம்களை வரிசையாக அடுக்கி வைப்பது தீயணைப்பு ஆளுக்குத் தூக்கம் கெடுக்கும் காட்சி.

விதியை எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டா?

கதிர்வீச்சு அளவைப் பற்றிய பயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மேலே கணக்கு இருக்கிறது. ஆனால் இன்னொரு குறை நியாயமானது. உரிமத் திருத்தம் என்றால் சுற்றுவட்டாரத்தார் விசாரணை கேட்க வழி உண்டு. திருத்தமே வேண்டாம் என்று விதி சொன்னதும் அந்த வாசலும் சேர்ந்து மூடிக்கொண்டது. நிலையம் தானே ஆய்வு செய்து, தானே பதிந்து, எரித்துவிடலாம். தனிப்பட்ட உரிமத்தில் இதற்கு முரணான நிபந்தனை இருந்தாலும் இந்த விதியே மேல் என்றும் எழுதிவிட்டார்கள். எரிப்பதற்கு முன்பு ஓர் அறிவிப்பாவது கொடுக்கச் சொல்லியிருக்கலாம்.

பக்கத்து நிலையத்து எண்ணெயையும் வாங்கி எரிக்கலாமா?

இந்த விதியின் கீழ் கூடாது. உண்டான இடத்திலேயே என்பது நிபந்தனை. வெளியே அனுப்புவதானால் அதற்கென உரிமம் பெற்ற எரியுலைக்கு அனுப்ப வேண்டும். டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் வட்டாரம் இந்தத் தொழிலுக்குப் பெயர்போனது.

மற்ற நாடுகளில்?

பிரான்சில் நாட்டுக்கே பொதுவாக ஓர் இடம்: மார்கூல் அருகே 1999இல் இயங்கத் தொடங்கிய சென்ட்ராகோ. எண்ணெயும் கரைப்பான்களும் அங்கே போய் எரிகின்றன. 2011 செப்டம்பர் 12 அன்று அங்கே உலை வெடித்து ஒருவர் இறந்தார் என்று ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்த அதே ஆண்டில் செய்தி வந்து பரபரப்பானது. வெடித்தது உலோகம் உருக்கும் உலை. எண்ணெய் எரியுலை அல்ல.

கல்பாக்கம், கூடங்குளத்தில் எப்படி?

அமெரிக்க விதி இங்கே செல்லாது. இந்தியாவில் 1987ஆம் ஆண்டின் கதிரியக்கக் கழிவு அகற்றல் விதிகள்படி, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கதிரியக்கக் கழிவையும் அப்புறப்படுத்தக் கூடாது. பழைய எண்ணெய் பொதுவாக 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் வரும். ஆனால் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும் கதிரியக்கக் கழிவை அந்த விதிகள் விலக்கி வைக்கின்றன. ஆக, ஒரே நிலையத்து டீசல் ஜெனரேட்டர் எண்ணெய் ஒரு சட்டத்திலும் உலைப் பம்ப் எண்ணெய் இன்னொரு சட்டத்திலும் போகும்.

தொழில்நுட்பத்திலும் ஒரு வேறுபாடு. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலைய உலைகள் கனநீர் உலைகள். கனநீர் நியூட்ரானை விழுங்கி டிரிட்டியம் ஆகும். அதனால் அங்கே எண்ணெயில் முதலில் தேட வேண்டியது கோபால்ட்டை அல்ல, டிரிட்டியத்தை. அதை எரித்தால் கதிரியக்க நீராவியாகிறது; நீராவியோ மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகக்கூடியது. கூடங்குளம் அழுத்த நீர் உலை என்பதால் அமெரிக்க உதாரணத்துக்கு நெருக்கமானது.

எரித்ததையும் எரித்த அளவையும் வெளியாள் எப்படித் தெரிந்துகொள்வது?

அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையமும் ஆண்டுக்கு ஒருமுறை கதிரியக்க வெளியீட்டு அறிக்கை கொடுத்தாக வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் நிலையத்தின் பெயரைத் தேடினால் வரிசையாகக் கிடைக்கும். காற்று வழி வெளியீட்டு அட்டவணையில் துகள்கள் என்ற வரியைப் பாருங்கள். எண்ணெய் எரித்திருந்தால் அந்தப் பெக்கரலும் அங்கேதான் கூட்டப்பட்டிருக்க வேண்டும். டிரிட்டியத்துக்குத் தனி வரி இருக்கும்.